கூரத்துக்கு ஒரு எஞ்சின் பார்க்கப் போனோம்

கூரத்தில் ஒரு எஞ்சின் விலைக்கு வருகிறது என்று செய்தி வந்தது. பதினைந்து குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக், படகின் பின்பலகையில் மாட்டுகிற ஜாதி. "நாற்பது மணி நேரம்கூட ஓடலீங்க, புதுசு மாதிரி" என்று விற்பவர் போனில் சொல்லியிருந்தார். எங்கள் கடற்கரைக் குப்பமான சதுரங்கப்பட்டினத்திலிருந்து சாலை வழியே எண்பது கிலோமீட்டர் உள்ளே, தறி ஓடும் ஊரில் கடல் எஞ்சினுக்கு என்ன வேலை என்று எனக்கு ஆச்சரியம். மெக்கானிக் அண்ணனுக்கு ஆச்சரியம் இல்லை, சந்தேகம்தான்.

"நாப்பது மணி நேரம் ஓடுனது சரி தம்பி. மிச்ச நேரமெல்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்துச்சாம்?"

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். அண்ணன், எஞ்சினை வாங்கப்போகிற அவருடைய மருமகன், நான். வண்டி மருமகனின் சிநேகிதனுடைய குட்டி யானை. பின்னால் சாவிப்பெட்டி, இருபது லிட்டர் கேன், ஒரு பழைய சைக்கிள் டியூப். டியூப் எதற்கு என்று கேட்டேன். "அது எப்பவும் இருக்கும்" என்றார் அண்ணன். கடைசிவரை அதை எடுக்கவே இல்லை.

அண்ணனின் கொட்டகையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். டச்சுக்காரர்களின் கோட்டைச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில், தென்னங்கீற்று வேய்ந்த ஒரு நிழல். உள்ளே ஒரு பக்கம் ஓடுகிற எஞ்சின்கள், மறுபக்கம் செத்தவை. செத்தவற்றுக்குத் தலை இருந்தால் கால் இருக்காது, கால் இருந்தால் விசிறி இருக்காது. முதல் தடவை போனபோது, ஓடிக்கொண்டிருந்த ஒரு எஞ்சினைக் காட்டி "இது எந்த வருஷத்து எஞ்சின்?" என்று கேட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, "எந்தப் பாகத்தைக் கேக்குற?" என்றார். சிலிண்டர் பிளாக் 2009, கியர்பெட்டி அதற்கு இளையது, கார்புரேட்டர் கொக்கிலமேட்டுக்காரர் ஒருவரின் எஞ்சினிலிருந்து வந்தது, மேல்மூடி வேறு நிறம்.

'டூ ஸ்ட்ரோக் சாகாது' என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை நம்பிக்கொண்டிருந்தவன்தான். அந்தக் கொட்டகையில் செத்தவை கிடக்கும் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் கணக்கு விளங்கியது. இருபது வருஷம் ஓடிய எஞ்சினைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். மூன்றாம் வருஷமே கிராங்க் பிடித்து நின்றுபோனதைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள்? அது ஏற்கெனவே துண்டு துண்டாகப் பிரிந்து, அந்த இருபது வருஷத்து எஞ்சினுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். "ஃபோர் ஸ்ட்ரோக்தானே மாமா இப்ப எல்லா ஊர்லயும்? நாம மட்டும் ஏன் இதையே கட்டிக்கினு அழறோம்?"

அவன் கேட்டது சரிதான். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-இல் படகின் பின்பலகையில் மாட்டும் இந்த வகை எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானின் யமஹா தன் முதல் படகு எஞ்சினை 1960-இல் வெளியிட்டது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் அமெரிக்காவும் ஐரோப்பாவும் புகைக் கட்டுப்பாட்டை இறுக்கியதில், கார்புரேட்டர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக் அங்கே கடையிலிருந்து இறங்கிவிட்டது. பெட்ரோலோடு கலந்த எண்ணெயை எரித்துத் தள்ளும் எஞ்சின் அது. பெட்ரோலில் ஒரு பங்கும் எரியாமலே புகையோடு தண்ணீருக்குப் போகும். சுற்றுச்சூழல் கணக்கில் அதற்கு ஆதரவாகப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை.

அண்ணனின் பதில் எடையில் இருந்தது. பதினைந்து குதிரைத்திறனில் டூ ஸ்ட்ரோக் 36 கிலோ, ஃபோர் ஸ்ட்ரோக் 50 கிலோ அளவுக்கு வரும். துறைமுகம் கிடையாது. அலை உடைகிற மணலில் படகு ஏறி இறங்குகிறது. எஞ்சினை ஒருவர் தோளில் தூக்கி வீடு சேர்க்க வேண்டும். "அப்புறம் வால்வு கிடையாது, ஆயில் தொட்டி கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கெட்டுப்போவாதுன்னு யார் சொன்னா? வாரத்துக்கு ஒருவாட்டி கெடும். ஆனா என் கொட்டாயிலயே எழுந்துக்கும்."

நம்பகம் என்ற சொல்லை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் குப்பத்தின் நம்பகம். கெடாத எஞ்சின் அங்கே யாருக்கும் தெரியாது. கெட்டால் எத்தனை நாள் கரையில் கிடக்கும் என்பதுதான் கேள்வி. கன்னியாகுமரிப் பக்கம் இதை முன்பே புரிந்துகொண்டார்கள். முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டத் தொடங்கிய 1980-களில் படகோடு எஞ்சினும் வந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, எஞ்சினைத் தருவித்ததோடு நிற்காமல், கடற்கரை நெடுகப் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்தியது. எங்கள் செங்கல்பட்டுக் கடற்கரைக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. இங்கே அண்ணன் மாதிரி ஆட்கள்தான்.

செங்கல்பட்டில் திரும்பி வாலாஜாபாத் சாலையைப் பிடித்தோம். பழைய சீவரம் பக்கம் பாலாறு தெரிந்தது. அதாவது மணல் தெரிந்தது. எதிர்க்கரையில் திருமுக்கூடல். அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையையும், மருத்துவருக்கும் சல்லியக்கிரியை என்ற அறுவை மருத்துவம் செய்பவருக்கும் மூலிகை கொண்டுவருபவர்களுக்கும் என்ன கூலி, என்னென்ன மருந்து இருப்பில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. இதை வண்டியில் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். "ஸ்பேரு ஸ்டாக்கு எழுதி வெச்சிருக்கான்" என்றார்.

காஞ்சிபுரத்தில் சாப்பிட்டோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை; காஞ்சிபுரம் இட்லி கிடைக்கவில்லை, பூரிதான்.

அரக்கோணம் சாலையில் கூரம், காஞ்சியிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவு. ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்று வைணவர்களுக்குத் தெரியும். கல்வெட்டுப் படிக்கிறவர்களுக்கு வேறு காரணத்தால் தெரியும்; அதற்கு வருகிறேன்.

எஞ்சின் இருந்தது ஒரு பட்டு நெசவாளரின் வீட்டில். அவருடைய தம்பி முட்டுக்காடு பக்கம் படகு ஓட்டிப் பிழைக்கலாம் என்று 2017-இல் புதிதாக வாங்கியிருக்கிறார். ஒரு சீசன்கூட முழுதாக ஓடவில்லை. தம்பி வெளிநாடு போய்விட்டார். படகு விற்றுப்போனது. எஞ்சினை மட்டும் அண்ணன்காரர் கொண்டுவந்து தறிக்கூடத்தில், சுவரில் அடித்த ஒரு மரச்சட்டத்தில் மாட்டிவைத்தார். அன்றிலிருந்து அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, மேலே ஒரு பழைய பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டை மூடி.

உள்ளே போனதும் அண்ணன் எஞ்சினைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். குழித்தறி. நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கும் தறி. சுவரில் கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது.

"ஈரம் எப்பவும் இருக்குமா?"

"இருக்கணுங்க. காஞ்சா பாவு நூல் அறுந்துபோகும்" என்றார் நெசவாளர். "மழைக்காலத்துல குழியில தண்ணியே ஊறும். அப்ப தறி நிக்கும்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போது புரியவில்லை.

எஞ்சின் பார்க்க அழகாக இருந்தது. பெயின்ட்டில் ஒரு கீறல் இல்லை. மருமகனின் முகத்திலேயே விலை படிந்துவிட்டது தெரிந்தது. அறுபதாயிரம் கேட்டிருந்தார்கள். புது எஞ்சினின் விலையில் பாதிகூட இல்லை.

வெளியே முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். தண்ணீர் நிரப்ப நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று வந்தது. அண்ணன் உடனே கயிற்றை இழுக்கவில்லை. முதலில் விசிறிக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் எண்ணெய்த் திருகைக் கழற்றி, விரலில் இரண்டு சொட்டு வாங்கினார். பால் கலந்த டீ மாதிரி வந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இது பழுப்பாக, தெளிவாக இருந்தது. திருகின் நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தார். இல்லை. "கால் நல்லாருக்கு" என்றார்.

அடுத்தது பிளக். இரண்டு சிலிண்டர், இரண்டு பிளக். ஓடுகிற எஞ்சினின் பிளக் ஒரு நாட்குறிப்பு மாதிரி. நுனி மரப்பட்டை நிறத்தில் இருந்தால் சரியான கலவை. வெளுத்திருந்தால் காற்றுக்கேற்ற பெட்ரோல் போதாமல் சூடேறியிருக்கிறது. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோலோ எண்ணெயோ கூடிப்போச்சு. 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது பொதுக் கணக்கு, புது எஞ்சினைப் பழக்கும்போது அதில் இரண்டு மடங்கு. குப்பத்தில் செத்த எஞ்சின்களில் பெரும்பாதி, எண்ணெய் ஊற்ற மறந்த ஒரே ஒரு விடியற்காலையில் செத்தவை என்பது அண்ணனின் கணக்கு. மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்களுக்குக் கணக்கு இன்னும் இறுக்கம்.

பிளக் ஓட்டையில் அழுத்தமானியைத் திருகி, கயிற்றை நாலு முறை வேகமாக இழுத்தார். மேல் சிலிண்டர் 105. கீழ் சிலிண்டர் 108. "நம்பர் பெருசா இல்லையேன்னு பாக்காத. ரெண்டும் ஒட்டி இருக்கான்னு பாரு." பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி வந்தால் ஒரு சிலிண்டரில் ரிங் போயிருக்கிறது. இங்கே இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. மருமகன் என் தோளைத் தட்டினான்.

டிரம் நிரம்பக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள். அந்த இடைவெளியில் நான் பல்லவர் கோயிலைப் பார்க்க நடந்தேன். அண்ணனும் வந்தார்.

வித்யாவினீத பல்லவ பரமேஸ்வர கிருகம். ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் முதலாம் பரமேஸ்வரவர்மன் கட்டியது. குடைவரையிலிருந்து வெளியே வந்து கல்லால் எழுப்பிய கோயில்களில் தமிழகத்தின் மிகப் பழையவற்றுள் ஒன்று. பின்பக்கம் யானையின் முதுகு போல வளைந்த கஜபிருஷ்ட அமைப்பு. சிதைந்த கோயில்தான். இந்த ஊரில் கிடைத்த செப்பேடுகள் பெருவளநல்லூர்ப் போரில் மன்னன் ஏறிய யானையின் பெயரைக்கூடச் சொல்கின்றன: அரிவாரணம். நாங்கள் வந்த யானைக்கு டீசல் குறைவாக இருந்தது என் நினைவுக்கு வந்தது.

அதே செப்பேட்டில் எனக்குப் பிடித்த பகுதி போர் அல்ல. பரமேஸ்வர மங்கலம் என்ற ஊரை இருபத்தைந்து பங்காகப் பிரித்து, அதில் மூன்று பங்கைப் பூசைக்கும் கோயிலின் பழுது பார்ப்பதற்கும் ஒதுக்குகிறான் மன்னன். இன்னொரு பங்கு மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைக்க, இன்னொன்று அங்கே பாரதம் வாசிக்க. ஏரிக்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகுக் கால்வாய் வெட்டியதையும் சொல்கிறது. கட்டின கையோடு ரிப்பேருக்கும் நிலம் விட்டிருக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். "அதான் நிக்குது" என்றார். உடனே சுற்றிப் பார்த்து, "மூணு பங்கும் எப்பவோ போயிடுச்சி போல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பாலாறு கடலில் சேரும் வாயலூரில் இந்தப் பரமேஸ்வரவர்மனின் மகன் ராஜசிம்மன் தன் முன்னோர் வரிசையைத் தூணில் வெட்டிவைத்திருக்கிறான். எங்கள் குப்பத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரம்தான். காலையில் நாங்கள் கிளம்பியது ஆற்றின் மகன் முனையில், வந்து சேர்ந்தது அப்பன் முனையில். இதற்கும் எஞ்சினுக்கும் சம்பந்தம் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திரும்பி வந்தோம். டிரம் நிரம்பியிருந்தது. அண்ணன் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் தேன்போலக் காய்ந்த பிசின், பழைய பெட்ரோலின் வண்டல். கம்பியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தார். பெட்ரோல் குழாயை மடக்கினால் வெடித்தது, புதிதாக ஒன்று போட்டார். "இப்ப வர்ற பெட்ரோலா இருந்தா இன்னும் மோசம்" என்றார். 20 சதவீதம் எத்தனால் கலக்கும் காலம் இது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரைத் தின்னும். மாதக்கணக்கில் டாங்கில் நிற்கவிட்டால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரியும்.

ஒன்பதாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. தறிக்கூடத்திலிருந்து குழந்தைகள் ஓடி வந்தார்கள். நீலப் புகை முற்றத்தை மூடியது. ஆனால் பக்கவாட்டுத் துளையிலிருந்து பீச்ச வேண்டிய தண்ணீர் வரவில்லை. அரை நிமிடத்தில் நிறுத்தினார். காலைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் எட்டு வருஷம் மடங்கிய நிலையிலேயே இறுகி, முறுக்கு மாதிரி இருந்தன. ஒடித்துக் காட்டினார். இது சின்னச் செலவு. வருஷம் ஒருமுறை மாற்ற வேண்டியதுதான்.

மாற்றிப் போட்டு மறுபடி கிளப்பினார். இந்தத் தடவை தண்ணீர் பீச்சியது. மருமகன் சட்டைப்பையில் கையை விட்டான். அண்ணன் நீண்ட திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சினின் தலைப்பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். மேலே, நடுவில், கீழே. மறுபடியும் மேலே. எஞ்சினை நிறுத்தினார். மேலிருக்கும் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார்.

"பேரிங் கரகரங்குது தம்பி."

எனக்குக் கேட்கவில்லை. மருமகனுக்கும் கேட்கவில்லை. நெசவாளர் மட்டும், "ஆமாங்க, ஏதோ உரசுது" என்றார். நாள் முழுக்கத் தறியின் சத்தத்தைக் கேட்டே நூல் அறுந்ததைக் கண்டுபிடிக்கிற காது.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் எண்ணெய் ஒரு தொட்டியில் நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்குக்குக் கிடைப்பது பெட்ரோலோடு வருகிற எண்ணெய்ப்பசை மட்டும்தான். ஓட ஓட நனைந்துகொண்டே இருக்கும். நின்றால் பசை வடியும், ஈரக்காற்று நுழையும், பளபளக்கும் எஃகில் ஊசிமுனை அளவுத் துரு குத்தும். அழுத்தமானிக்கு இது தெரியாது. பட்டு நூலுக்கு வேண்டிய ஈரம் எஞ்சினுக்கு விஷம். தரையைப் பார்த்தபோதே அண்ணன் இதைத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்.

அவர் இதைக் கற்றது சுனாமியில். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு மணலில் புதைந்த எஞ்சின்களைத் தோண்டி எடுத்து வெயிலில் காய வைத்தார்கள். காய்ந்ததெல்லாம் துருவில் இறுகியது. ஆள் வந்து பிரிக்கும்வரை நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவிட்டவை பிழைத்தன. உப்பை விடக் காற்று வேகமாகத் தின்னும் என்று அப்போதுதான் தெரிந்ததாம்.

மணிக்கணக்கு என்ன ஆகிறது என்று யோசித்துப் பார்த்தேன். வார விடுமுறையில் தூண்டில் போடும் அமெரிக்கர் வருஷத்துக்கு ஐம்பது, நூறு மணி நேரம் ஓட்டுவார். எங்கள் குப்பத்தில் தினம் நாலு மணி நேரம், வருஷத்துக்கு இருநூறு நாள், எண்ணூறு மணி. அவருடைய குறைந்தது எட்டு வருஷம் நமக்கு ஒரு வருஷம். அந்தக் கணக்கில் கூரத்து எஞ்சின் பச்சைக் குழந்தை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அண்ணன் காலையிலேயே கேட்டுவிட்டார்.

"அறுபதுக்கு ஆவாது. பாகமா எடுத்துக்குறேன், இருபது" என்றார். நெசவாளர் மறுத்தார். வருத்தப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். தம்பி வாங்கிய பொருள். மோர் கொடுத்து அனுப்பினார். அண்ணன் போகும்போது இரண்டு பிளக் ஓட்டையிலும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, "அமாவாசைக்கு அமாவாசை கயிறை மெதுவா ரெண்டு இழுப்பு இழுத்து வெய்யி தம்பி. விக்கிற வரைக்குமாவது" என்றார்.

வீட்டில் எஞ்சினை மாட்டிவைத்திருக்கும் யாருக்கும் இதையே நானும் சொல்வேன். பெட்ரோலை வடித்துவிடுங்கள், கார்புரேட்டர் வற்றும்வரை ஓட்டி நிறுத்துங்கள், பிளக் ஓட்டையில் எண்ணெய் விடுங்கள், ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். வாங்கப் போகிறவர்கள் எஞ்சினுக்கு முன்னால் அது இருந்த அறையைப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து நெசவாளரே கூப்பிட்டார். இருபத்திரண்டாயிரத்துக்கு முடிந்தது. கொட்டகையில் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். படகு எஞ்சினில் கிராங்க் நெட்டுக்குத்தாக நிற்கும். எட்டு வருஷம் எண்ணெய் வடிந்து கீழே இறங்கியதில் மேல் பேரிங் மட்டும் துரு. கீழ் பேரிங் கண்ணாடி. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு பேரிங்கும் இரண்டு சீலும் மாற்றினார், மூவாயிரத்துக்குள் வேலை முடிந்தது.

எஞ்சின் இப்போது மருமகனின் படகில் முழுசாக ஓடுகிறது. கூரத்துக்காரரிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.